குடும்பச் சின்னம் வரைய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கேடயம், அதன் மேல் தலைக்கவசம், தலைக்கவசத்தின் உச்சியில் ஒரு சிங்கமோ பருந்தோ. ஐரோப்பியக் குடும்பச் சின்னம் என்றதும் நம் கண்ணில் வருவது இதுதான். ஹெரால்ட்ரி என்ற இந்தக் கலை 12ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் தோன்றியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, கனடா போன்ற நாடுகளில் இன்றும் சட்டமும் அலுவலகமும் பதிவேடுமாக நடந்துகொண்டிருக்கிறது. சில ஆண்டுகளாக நான் உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் இப்படிச் சின்னங்கள் வரைந்து கொடுக்கிறேன். முன்னோர் நினைவாக ஒன்று வேண்டும் என்று வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிரெஸ்ட், பேட்ஜ், கோட் ஆஃப் ஆர்ம்ஸ் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கோட் ஆஃப் ஆர்ம்ஸ் என்பது முதன்மையாகக் கேடயமும் அதில் உள்ள உருவங்களும். கிரெஸ்ட் என்பது தலைக்கவசத்தின் மேல் நிற்கும் உருவம் மட்டும். பேச்சுவழக்கில் முழுச் சின்னத்தையுமே கிரெஸ்ட் என்று சொல்லிவிடுகிறார்கள், அது தவறு. ஒரு காலத்தில் கிரெஸ்ட் தலையில் ஏற்றிக்கொள்ளும் நிஜப் பொருளாகவே இருந்தது. கருப்பு இளவரசர் என்று அழைக்கப்பட்ட எட்வர்ட் 1376இல் இறந்தபோது கான்டர்பரி பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய தலைக்கவசத்தையும், தோலால் செய்து பொன்னிறம் பூசிய சிங்க உருவத்தையும் கல்லறைக்கு மேல் தொங்கவிட்டார்கள். அந்தப் பொருட்கள் இன்றும் அந்தப் பேராலயத்தில் இருக்கின்றன.

பேட்ஜ் இவை இரண்டிலிருந்தும் வேறு. அதற்குக் கேடயமும் வேண்டாம், தலைக்கவசமும் வேண்டாம். தனியாக நிற்கும் ஓர் உருவம், அவ்வளவுதான். கேடயம் தலைவருக்கு உரியது. பேட்ஜை அவருடைய ஆட்கள், வேலைக்காரர்கள், படைவீரர்கள் உடையில் குத்திக்கொண்டார்கள். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் வெள்ளைக் காட்டுப்பன்றி, யார்க் வம்சத்தின் வெள்ளை ரோஜா, வாரிக் பிரபுக்களின் கரடியும் கட்டையும் எல்லாம் பேட்ஜ்தான். முதல்முறையாக வரைகிறவர்களுக்கு நான் பேட்ஜையே சிபாரிசு செய்வேன். எளிமையானது, வீட்டில் உள்ள எல்லோரும் அணியலாம், மோதிரத்திலும் பொருந்தும், கல்யாணப் பத்திரிகையிலும் பொருந்தும்.

எங்கள் குடும்பப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு சின்னம் இருப்பதாக ஓர் இணையக் கடை சொல்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். இங்கிலாந்து மரபில் பெயருக்குச் சின்னம் கிடையாது, ஆளுக்குத்தான் சின்னம். ஒருவருக்கு அளிக்கப்பட்டது, அவர் வழியில் பிறந்தவர்களுக்குப் போகும். அதே குடும்பப் பெயர் உள்ள வேறொருவருக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. நமக்கோ இன்னொரு சிக்கலும் உண்டு. அப்பா பெயர் முதலெழுத்தாக நிற்கும் வழக்கத்தில் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிவிடுகிறது. குமார் என்ற பெயருக்கு ஒரு பழைய சின்னம் என்று யாராவது விற்றால் அது நேற்று வரைந்ததாகத்தான் இருக்கும். அந்தப் பணத்தில் நல்ல ஓவியர் ஒருவரிடம் உங்கள் கதையைச் சொல்லி வரையச் சொல்லுங்கள்.

இது வெள்ளைக்காரர் வழக்கம். நமக்கு எதற்கு?

கேடயமும் தலைக்கவசமும் அவர்களுடையவை, சரி. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தாலே இவன் யார் பக்கம் என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டும் என்ற தேவை நமக்கும் இருந்தது. போரில் சேரர் பனந்தோடும், பாண்டியர் வேம்பும், சோழர் ஆரும் சூடியதைத் தொல்காப்பியமே சொல்கிறது. ஆர் என்பது ஆத்தி. ஐரோப்பிய பேட்ஜ் செய்த வேலையை இங்கே பூ செய்தது.

இதில் என் மனதை விட்டு நீங்காத ஓர் இடம் உண்டு. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டிருக்கிறான். இருவரும் சோழர். கோவூர்கிழார் நடுவில் நின்று சொல்கிறார்: உன்னை எதிர்ப்பவன் பனந்தோடு சூடியவன் அல்லன், வேப்பந்தார் அணிந்தவனும் அல்லன், உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். புறநானூற்றின் 45ஆம் பாட்டு இது. ஒரே குடும்பச் சின்னத்தை இருவர் அணிந்திருப்பதையே காரணம் காட்டி ஒரு போரை நிறுத்தப் பார்த்திருக்கிறார் அந்தப் புலவர். குடும்பச் சின்னம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பாட்டைத்தான் சொல்வேன்.

எங்கள் குடும்பத்தில் ராஜாவும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. செப்பேடு, ஓலை எதுவும் இல்லை. எதை வைத்து வரைவது?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கொஞ்சம் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்க வேண்டியதே இல்லை. ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான் கையுறை தைத்து விற்றவர். 1596இல் அவருக்குக் கிடைத்த கேடயத்தில் பொன் நிறப் பின்னணி, மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கருப்புப் பட்டை, அதில் ஓர் ஈட்டி. அவ்வளவுதான். ஈட்டி ஏன் என்றால், ஆங்கிலத்தில் அவர் பெயரின் பின்பாதி ஈட்டியைக் குறிக்கும்.

2011இல் இளவரசர் வில்லியமை மணந்த கேட் மிடில்டனின் அப்பாவுக்கு வழங்கிய சின்னத்தையும் பாருங்கள். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று ஓக் காய்கள், அவர்கள் வளர்ந்த பகுதியில் ஓக் மரங்கள் அதிகம் என்பதால். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயருக்குப் பொற்கொல்லர் என்று பொருள், அதனால் நடுவில் பொன் நிறத்தில் ஒரு கூரை வடிவம். கேடயத்தை நட்டநடுவே இரண்டாகப் பிரித்திருப்பது மிடில்டன் என்ற பெயரில் உள்ள ‘நடு’வுக்காக. இதில் போரும் இல்லை, பட்டமும் இல்லை. பிள்ளைகள், மரம், அம்மாவின் பெயர், இவைதான்.

கனடாவின் கவர்னர் ஜெனரலாக 2005இல் பதவியேற்ற மிஷெல் ஜான் ஹெயிட்டியில் பிறந்தவர். அவருடைய கிரெஸ்டில் ஒரு சங்கும் அறுந்த சங்கிலியும் இருக்கின்றன. அடிமைகளாக இருந்து விடுதலைக்குப் போராடிய முன்னோரை அவை நினைவுபடுத்துகின்றன. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது. அந்த வழியில் வந்த குடும்பங்களுக்கும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கும் மிஷெல் ஜானின் சின்னத்தைக் காட்டாமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. கஷ்டப்பட்டதை மறைக்க வேண்டாம். சின்னத்தில் இடம் பெற அதற்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது.

என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தாத்தா பனையேறி. அவர் போய் முப்பது வருடத்துக்குப் பிறகு பெரியம்மா வீட்டுப் பின்கட்டில் ஓர் ஆணியில் அவருடைய தளைநார் தொங்குவதைப் பார்த்தேன். மரம் ஏறும்போது இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் நார் வளையம் அது. கையில் எடுத்தால் காய்ந்த சருகு மாதிரி எடையே இல்லை. பாதம் பட்ட இரண்டு இடங்களில் மட்டும் நார் தேய்ந்து, எண்ணெய் தேய்த்த மரம் போலக் கருத்து மினுமினுத்தது. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் குடும்பத்தின் பேட்ஜ் வெறும் ஒரு கயிற்று முடிச்சு. இன்று ஸ்டாஃபோர்ட்ஷயர் முழுவதற்கும் அதுதான் அடையாளம். ஒரு முடிச்சு ஒரு மாவட்டத்துக்கே சின்னமாக முடியும் என்றால் எங்கள் தளைநார் எங்களுக்குப் போதும் என்று முடிவு செய்தேன். கருப்பு வட்டத்தில் பொன் நிற நார் வளையம், அதற்குள் ஒரு பனங்குருத்து. அதுதான் எங்கள் பேட்ஜ்.

ஆகவே முதலில் வீட்டைத் தேடுங்கள். தறிக்காரர் வீட்டில் நாடா இருக்கும். தச்சர் வீட்டில் உளி இருக்கும். எதுவுமே இல்லாத வீட்டிலும் பாட்டியின் பாக்குவெட்டியோ அரிவாள்மனையோ இருக்கும். ஊர் எல்லையில் நிற்கும் மரம், குலதெய்வக் கோயிலில் உள்ள வேல் அல்லது மண்குதிரை, பழைய பத்திரத்தில் வரும் வயலின் பெயர் என்று தோண்டத் தோண்ட வரும். வயதானவர்களிடம் “நம்ம முன்னோர் யார்?” என்று கேட்டால் பெரும்பாலும் பெருமைக் கதைதான் வரும். “உங்க அப்பா கையில எப்பவும் என்ன இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் சோழர் பரம்பரை என்று தாத்தா சொல்வார். புலி வைக்கலாமா?

தாத்தா சொன்னதை நான் மறுக்க மாட்டேன். ஆனாலும் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். சோழர் செப்பேடுகளின் முத்திரையைப் பார்த்தால் உட்கார்ந்த புலி, பக்கத்தில் இரண்டு மீன், கீழே வில், மேலே குடையும் சாமரமும் இருக்கும். பாண்டியரின் மீனையும் சேரரின் வில்லையும் தங்கள் முத்திரைக்குள் எடுத்துக்கொண்டு மூன்று நாடும் எங்கள் கீழ் என்று அறிவித்த அரச முத்திரை அது. அதை வீட்டுக்கு எடுத்தால் பார்க்கிறவர்கள் உங்களைப் பார்க்க மாட்டார்கள், ராஜேந்திரனைத்தான் பார்ப்பார்கள். உங்கள் குடும்பம் இருக்கும் இடமே தெரியாமல் போய்விடும். சோழ நாட்டுத் தொடர்பைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் ஓர் ஆத்திப் பூ வையுங்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பெயரை வைத்து உருவம் தேர்ந்தெடுப்பது சின்னப்பிள்ளைத்தனமாக இருக்காதா?

இருக்காது. ஹெரால்ட்ரியில் மிகப் பழைய, மிகவும் மதிக்கப்படும் வழி அது. மறைந்த எலிசபெத் மகாராணியின் தாய்வழிக் குடும்பமான போவ்ஸ்-லயன் சின்னத்தில் வில்களும் சிங்கங்களும் இருக்கின்றன, பெயர் ஒலிப்பது அப்படித்தான். பெயர் மட்டுமல்ல, தொழிலும் வரலாம்: பாடகர் எல்டன் ஜானுக்கு 1987இல் கிடைத்த கேடயத்தில் பியானோ கட்டைகளும் இசைத்தட்டுகளும் உண்டு. தமிழில் ஊர்ப்பெயர்களே பாதி மரமும் குளமும்தான். ஆலங்குளம், புளியங்குடி, பனைக்குளம், மருதூர் என்று உங்கள் ஊர்ப்பெயரில் ஒரு மரம் இருந்தால் ஓவியருக்குப் பாதி வேலை மிச்சம்.

சாதி அடையாளமாக ஆகிவிடாதா?

ஆகிவிடும், கவனமாக இல்லாவிட்டால். தொழில் கருவி வைக்கும்போது இந்தக் கேள்வி வந்தே தீரும். எங்கள் தளைநாரிலும் வந்தது. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: அது ஒரு குறிப்பிட்ட மனிதரின் பொருளா, அல்லது ஒரு கூட்டத்தின் கொடியா? தாத்தா கால் தேய்த்த நார் என்றால் அது குடும்பத்தின் நினைவு. சங்கக் கொடியிலும் சுவரொட்டியிலும் வரும் நிறங்களையும் உருவங்களையும் அப்படியே எடுத்தால் அது குடும்பச் சின்னம் அல்ல. நண்பர் ஒருவர் அப்படிக் கேட்டபோது வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

என்னென்ன நிறம் பயன்படுத்தலாம்?

நிறங்கள் குறைவு. பொன், வெள்ளி இரண்டும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள். பொன்னை மஞ்சளாகவும் வெள்ளியை வெள்ளையாகவும் வரையலாம். அடிப்படை விதி ஒன்றே ஒன்று: உலோகத்தின் மேல் உலோகம் வைக்காதே, வண்ணத்தின் மேல் வண்ணம் வைக்காதே. வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து அச்சடித்த பத்திரிகையைப் படித்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தூசி பறக்கும் களத்தில் நூறு அடி தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த விதி இது. கோயில் சுவரின் காவியும் வெள்ளையும், குங்குமத்தின் மேல் மஞ்சள், கருப்பில் பொன் என்று நம் கண்ணுக்குப் பழகிய சேர்க்கைகள் பலவும் இந்த விதிக்குள் அழகாக அடங்கிவிடும்.

கருப்பு வெள்ளையில் அச்சடிக்க வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. 1638இல் பெத்ரா சாங்க்தா என்ற இயேசு சபைத் துறவி பரப்பிய முறைப்படி புள்ளிகள் என்றால் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி, நெடுக்குக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், சாய்கோடு பச்சை. மோதிரத்தில் செதுக்க இது ரொம்ப உதவும்.

எத்தனை உருவங்கள் வைக்கலாம்?

ஒன்று. முடியவே முடியாவிட்டால் இரண்டு.

நான் முதலில் வரைந்த வரைவில் பனை, கடல், கோயில் கோபுரம், புத்தகம், தளைநார், கலயம், உதயசூரியன் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு சித்தப்பாவும் அத்தையும் ஒன்று சொன்னார்கள், யாரையும் விட மனமில்லை. தபால்தலை அளவுக்குக் குறைத்து அச்செடுத்தபோது ஒரு கருப்புத் திட்டுதான் வந்தது. அப்புறம் எல்லோரையும் உட்கார வைத்து, ஒன்று மட்டும் இருக்கட்டும் என்றால் எது என்று கேட்டேன். பெரியம்மா உள்ளே போய் அந்த நார் வளையத்தை எடுத்துக்கொண்டு வந்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

அம்மா வீட்டையும் சேர்க்க முடியுமா? பெண்கள் அணியலாமா?

தாராளமாக. கேடயத்தை நெடுக்காகப் பிரித்து ஒரு பக்கம் அப்பா வழி, மறு பக்கம் அம்மா வழி என்று வரைவது பழைய முறை. ஒன்று கவனியுங்கள்: வலம், இடம் என்பது கேடயத்தைப் பிடித்திருப்பவரின் கணக்கு. பார்க்கிற நமக்கு இடது பக்கம் தெரிவதுதான் அவருடைய வலது, மரியாதையான பக்கமும் அதுவே. எனக்குப் பிடித்தது வேறு வழி. ஒரு வீட்டிலிருந்து உருவத்தையும் மறு வீட்டிலிருந்து நிறத்தையும் எடுத்தால் பிரிக்காமலே இரண்டும் கலந்துவிடும்.

இங்கிலாந்தில் மரபுப்படி பெண்களின் சின்னத்தைக் கேடயத்துக்குப் பதில் சாய்சதுரத்தில் வரைவார்கள், கிரெஸ்டும் தருவதில்லை. போருக்குப் போகாதவருக்குத் தலைக்கவசம் எதற்கு என்பது பழைய வாதம். கனடாவில் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டார்கள். அங்கே பெண்களுக்குக் கேடயமும் கிரெஸ்டும் உண்டு, மகள் வழியாகவும் சின்னம் இறங்கும். நீங்களாக வரையும்போது கனடா வழியையே பின்பற்றுங்கள்.

அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே சின்னம் வைத்துக்கொள்ளலாமா?

பேட்ஜ் என்றால் வைத்துக்கொள்ளலாம். கேடயம் என்றால் ஆங்கில முறையில் ஒவ்வொரு மகனுக்கும் ஒரு சிறு குறி கூடுதலாக வரும். அப்பா இருக்கும்வரை மூத்தவருக்கு மூன்று கால் உள்ள பட்டை, இரண்டாமவருக்குப் பிறை, மூன்றாமவருக்கு நட்சத்திரம், நான்காமவருக்குக் காலில்லாத ஒரு சிறு பறவை, ஐந்தாமவருக்கு வளையம். ஸ்காட்லாந்தில் இன்னும் கண்டிப்பு, இளையவர்கள் தங்களுக்கென்று மாற்றம் செய்து பதிவு செய்துகொள்ள வேண்டும். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இப்படி ஒரு பிறையும் நட்சத்திரமும் இருந்திருந்தால் கோவூர்கிழாருக்கு அந்தப் பாட்டு கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

சின்னத்தின் கீழே எழுதும் வாசகம் தமிழில் இருக்கலாமா?

இருக்கலாம். இங்கிலாந்தில் வாசகம் சின்னத்தின் சட்டப்படியான பகுதியே அல்ல, விரும்பினால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் அதுவும் பதிவில் சேரும். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் போகாதீர்கள். குறளில் முழு அடி எடுத்தால் வாசகம் எழுதும் பட்டையில் எழுத்து நெருக்கியடித்துப் படிக்க முடியாமல் போகும். வீட்டில் யாராவது அடிக்கடி சொன்ன சொல்லே நல்ல வாசகம். என் பாட்டி, தாத்தா மரம் ஏறப் போகும்போதெல்லாம் “பாத்து ஏறு” என்பாராம். எங்கள் பேட்ஜுக்குக் கீழே அதைத்தான் எழுதியிருக்கிறோம்.

அரசிடம் பதிவு செய்ய முடியுமா?

நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் தனியார் குடும்பச் சின்னங்களைப் பதிவு செய்ய அலுவலகம் கிடையாது. நீங்களாக வரைந்து வைத்துக்கொள்ளலாம், ஓவியம் என்ற அளவில் பதிப்புரிமை இருக்கும்.

இங்கிலாந்தில் சின்னங்களை வழங்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இருக்கிறது. 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் அதற்கு உரிமைச் சாசனம் கொடுத்தார். விண்ணப்பித்து, பல ஆயிரம் பவுண்டு கட்டணம் செலுத்தினால், தோல் தாளில் கையால் வரைந்த சாசனம் வரும். அங்கே பேட்ஜ் மட்டும் தனியாகத் தர மாட்டார்கள், கேடயம் உள்ளவர்களுக்குத்தான் பேட்ஜ். ஸ்காட்லாந்தில் லார்ட் லயன் என்ற அதிகாரி இருக்கிறார். 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவேடு நடக்கிறது. பதிவில்லாத கேடயச் சின்னத்தைப் பயன்படுத்துவது அங்கே குற்றம், எடின்பரோவில் உள்ளவர்கள் இதை மறக்க வேண்டாம்.

கனடாவில் 1988 முதல் கவர்னர் ஜெனரலின் கீழ் தனி ஆணையம் இயங்குகிறது. குடிமக்கள் விண்ணப்பிக்கலாம். ஹெரால்ட் எனப்படும் சின்ன அதிகாரி ஒருவர் உங்களோடு உட்கார்ந்து கதை கேட்டு, முதலில் சொற்களில் ஒரு வரைவு, பிறகு படம் என்று படிப்படியாகச் செய்வார். ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும், பொறுமை வேண்டும். அவர்களுடைய பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கிறது. விண்ணப்பிக்காதவர்களும் ஒரு மாலை முழுக்க அதைப் புரட்டிப் பார்க்கலாம். தென் ஆப்பிரிக்காவிலும் சின்னங்களைப் பதிவு செய்ய 1963 முதல் அரசு அலுவலகம் இருக்கிறது.

எதை வைக்கவே கூடாது?

அசோகரின் சிங்கத் தூண். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தவறாகப் பயன்படுத்துவது குற்றம். அப்புறம் அரச மகுடம், இன்னொருவரின் கேடயம், கட்சிச் சின்னம். கேடயத்தின் இருபுறமும் நின்று தாங்கும் யானையும் யாளியும் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஆங்கில மரபில் அவை பிரபுக்களுக்கும் உயர் விருது பெற்றவர்களுக்கும் உரியவை.

வரைந்து முடித்த பின் என்ன செய்வது?

சொற்களில் எழுதி வையுங்கள். ஹெரால்ட்ரியில் படத்தை விட வர்ணனைக்குத்தான் மதிப்பு. அதற்கு பிளேசன் என்று பெயர். வர்ணனை சரியாக இருந்தால் எந்த ஓவியரும் எந்தக் காலத்திலும் தன் கைவண்ணத்தில் திரும்ப வரையலாம். படம் தொலைந்தாலும் சின்னம் தொலையாது. எங்களுடையது இரண்டே வரி: கருப்பு வட்டத்தில் பொன் நிறத் தளைநார், அதனுள் நிமிர்ந்த வெள்ளைப் பனங்குருத்து ஒன்று. அதன் கீழே தாத்தாவின் பெயர், ஊர், அந்த நாரைக் கண்டெடுத்த நாள், முடிவு செய்தபோது திண்ணையில் இருந்தவர்களின் பெயர்கள். ஒரு பிரதி வீட்டுப் பத்திரத்தோடு பெட்டியில் இருக்கிறது. இன்னொன்றைச் சட்டம் போட்டு, பின்கட்டில் தளைநார் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் பெரியம்மா மாட்டியிருக்கிறார்.